தொட்டா ஒட்டிக்கும்

தேசிங்கு உட்காரவில்லை. பெஞ்சில் இடம் இருந்தது. கோமளா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கையால் தட்டிக்கூடக் காட்டினாள். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராந்தாவின் கோடியில், ஜன்னலோரமாக, எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டான். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் அக்குளில் செருகிக்கொண்டான். பார்க்கிறவர்களுக்குக் குளிரில் நடுங்குகிறவன் மாதிரி இருக்கும், இந்தச் சித்திரை வெயிலில் இவனுக்கு மட்டும் என்ன குளிர் என்று தோன்றும், அல்லது பெரிய இவன், யாரோடும் ஒட்டமாட்டான் என்று தோன்றும். ஒட்டமாட்டான். ஒட்டக்கூடாது. ஒட்டிக்கும். அந்தச் சொல் வந்துவிட்டால் கோமளாவுக்கு மற்ற எல்லாம் நின்றுவிடும், தையல் மெஷினில் நூல் சிக்கிக்கொண்டு ஊசி அதே இடத்தில் குத்திக்கொண்டிருப்பது மாதிரி. கல்லீரல் டாக்டரின் அறைக்கதவு திறந்து மூடியது, யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், அது இவர்களுடைய பெயர் இல்லை. ஃபினாயில் வாசனையும் யாரோ பிரித்த தயிர்சாதத்தின் வாசனையும் சேர்ந்து வந்தன. இன்றைக்கு ரிசல்ட். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தம், அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று உள்ளே இருக்கிற டாக்டரம்மா சொல்லப்போகிறாள். ஆனால் கோமளாவுக்குப் பயம் அந்தக் கிருமியைப் பற்றி இல்லை. ரிசல்ட்டைக் கேட்டதும் தன் தம்பி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்பான், அந்தக் கேள்வியை நினைத்துத்தான்.

அவன் இப்படி இருந்தவனா? காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை, பெரிய பெரிய ஐஸ் பாறைகளைக் கொக்கி போட்டு இழுத்து மெஷினில் தள்ளுவான், வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் மீன் வாடை, ஆனால் கை மட்டும் ஜில்லென்று இருக்கும். வந்ததும் கோமளாவின் மகள் யாமினியின் கன்னத்தில் அந்தக் கையை வைப்பான், அவள் வீல் என்று கத்திவிட்டு இன்னொரு கன்னத்தையும் காட்டுவாள். யாமினிக்குக் காது குத்தியது இவன் மடியில் வைத்துத்தான். குழந்தை அழுததைவிட இவன் அதிகமாக அழுதான், ஆசாரியே சிரித்துவிட்டார். அப்புறம் எப்போது ஆரம்பித்தது என்று கோமளாவால் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை, எத்தனையோ டாக்டர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள், எப்போம்மா ஆரம்பிச்சுது. தண்ணீர் கொதிக்கிறது எந்த நிமிஷம் என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஐஸ் மெஷினுக்குள்ளிருந்து ரெண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். வேலையை விட்டான், பேசுகிறவர்கள் அவன் கூடவே வீட்டுக்கு வந்தார்கள். தூக்கம் போயிற்று. கூட்ஸ் தண்டவாளத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தோடு சேர்ந்தான், ஒரே போதை ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அடித்திருக்கிறாள் அவனை. அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலம், அவர் எதிரிலேயே துடைப்பத்தால் அடித்தாள், ஏன்டா, ஏன்டா, எங்க மானத்த வாங்கத்தான் பொறந்தியா என்று. அவன் தடுக்கவே இல்லை. "அத்தப் போட்டா அவனுங்க பேச்சு நின்னுபூடுதுக்கா. கொஞ்ச நேரம் காது சும்மா இருக்குது" என்றான். காது சும்மா இருப்பதற்காக ஒருவன் உடம்பில் ஓட்டை போட்டுக்கொள்வானா என்று அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், ராத்திரி பகல் என்று இல்லாமல் காதுக்குள் ரெண்டு பேர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன?

ஒருநாள் கண் மஞ்சளாக வந்து நின்றான். ரத்தத்தில் கிருமி, ஈரலைத் தின்கிற கிருமி என்றார்கள். அந்த வருஷம்தான் யாமினிக்கு அரக்கோணத்தில் சம்பந்தம் முடிவாயிற்று. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று தேசிங்கை மாடி அறையில் இருக்கச் சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டாள், அவன் சத்தம் போடவில்லை, ஆனால் அவள் போண்டா பரிமாறிக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தலைக்கு மேல் அவன் நடக்கிற காலடி கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். இருக்கார், வெளியூர்ல வேல என்று கோமளா சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வந்தான். "மாமன் சீர் நான்தானக்கா எடுத்தாரணும்? இந்தச் சட்ட போதுமா?" என்றான். அன்று அவன் கண் தெளிவாக இருந்தது. அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அன்று அவன் நன்றாகத்தான் இருந்தான், மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கலாம், ஒரு மணி நேரம் தாங்கியிருப்பான். உனக்குப் புத்தி சரியில்லை, நீ எழுந்து நின்று காற்றோடு பேசினால் என் பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று அவளால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக வாயில் வந்தது வேறு. "உனக்கு ரத்தத்துல கிருமி கீதுடா. தொட்டா ஒட்டிக்கும். பொண்ணு மாப்பிள்ளைக்கு வந்துட்டா?" அவ்வளவு சுலபமாக வந்தது. அவளுக்கே அது உண்மைதானோ என்று பாதி நினைப்பு. அவன் சட்டையை மடித்தான். ஒட்டிக்குமா என்று ஒரு தரம் கேட்டான். ஒட்டிக்கும் என்றாள். சரிக்கா என்று மாடிக்குப் போய்விட்டான். மாமன் சீரை ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் எடுத்துவந்தான். கல்யாணம் நன்றாக நடந்தது, நன்றாகத்தான் நடந்தது, சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அப்புறம் கனிஷ்கா பிறந்து, யாமினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இவன் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தான். யாமினி, "மாமா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அவன் கோமளாவைப் பார்த்தான். கோமளா பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவன் கையைக் கொண்டுபோய் அக்குளில் செருகிக்கொண்டான்.

வராந்தாவில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இன்னொரு பெயர். இதுவும் இல்லை. மருந்துக்கு அவர்கள் அலையாத அலைச்சல் இல்லை, அதையாவது தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலில் போன இடத்தில், முதல்ல மனசுக்கு வைத்தியம் பாத்துட்டு வாங்க, இவரு மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட மாட்டாரு, பாதியில விட்டா வீண் என்றார்கள். மனசு வைத்தியத்துக்குப் போனால், ஊசிப் பழக்கத்தை விடட்டும், ஈரல் தாங்காது, இந்த மருந்தெல்லாம் கொடுக்க யோசிக்கணும் என்றார்கள். ஊசியை விட வைக்கிற இடத்தில், தங்க வீடு இருக்கா, கூட ஆள் இருக்கா என்றார்கள். மூன்று கதவு, மூன்றும் மற்றதைக் கைகாட்டின. ஒரு கட்டத்தில் அவள் ஓய்ந்து போனாள். ஓய்ந்து போனாளா, இல்லை ஓய்ந்து போகக் காரணம் கிடைத்தது என்று இருந்துவிட்டாளா? அந்த வருஷங்களில்தான் ஈரல் கல்லாக இறுகிப்போனது என்று பின்னால் ஸ்கேனில் தெரிந்தது. இந்த டாக்டரம்மா, நஸ்ரீன் என்று பெயர், யாமினி வயசுதான் இருக்கும், இவள்தான், எல்லாத்தையும் ஒண்ணாவே பார்ப்போம், எதுவும் எதுக்கும் காத்திருக்க வேணாம் என்றாள். மனசுக்கு மாதம் ஒரு ஊசி இங்கேயே போட்டுவிட்டார்கள், ஊசிப் பழக்கத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்து, ஈரலுக்குத் தினம் மாத்திரை. மூன்று மாதம். ஒருநாள்கூட விடக்கூடாது. ஆலோசனை சொல்கிற ஆல்பர்ட் என்பவர் அவளை உட்கார வைத்துப் பேசினார். அவரும் ஒரு காலத்தில் அந்தத் தண்டவாளக் கூட்டத்தில் இருந்தவர்தானாம். "ஒரே தட்டுல சாப்பிடலாம்மா. கட்டிப்புடிக்கலாம், கொழந்தைங்களோட வெளையாடலாம். தொட்டா ஒட்டறதில்ல. ரத்தத்தோட ரத்தம் கலந்தாத்தான். பிளேடு, பிரஷ் மட்டும் தனியா வெச்சிக்கச் சொல்லுங்க. நான் சொல்றதவிட நீங்க சொன்னா அவரு கேப்பாரு" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் அவனே, "இந்த மாத்திர துன்னா கிருமி பூடுமாக்கா? அப்பால யாமினி கொயந்தைய நான் தூக்கலாந்தானே?" என்று கேட்டான். அவன் முகத்தில் அத்தனை வருஷத்தில் காணாத ஒரு வெளிச்சம். இப்போதே தூக்கலாம்டா என்று சொன்னால் மாத்திரையை எதற்குச் சாப்பிடுவான்? தன் ஈரலுக்காகவா? தன்னைப் பற்றி அவனுக்கு என்ன அக்கறை இருந்தது? அதனால், "ஆமாண்டா, ஒழுங்கா துன்னா தூக்கலாம்" என்றாள். பழைய பொய்க்கு இப்போது ஒரு பயன் வந்துவிட்டது. தினமும் காலையில் மாத்திரையும் தண்ணீருமாக மாடி ஏறினாள், அவன் விழுங்குகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்பே அவன் எழுந்து, முகம் கழுவி, பாயைச் சுருட்டி வைத்து உட்கார்ந்திருப்பான். எப்படிம்மா ஒருநாள்கூட விடாம சாப்பிட வைக்கிறீங்க என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாள். அவனே கேட்டு வாங்கிக்கிறான் என்றாள் கோமளா. அவளுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, இன்றைக்கு நினைத்தால் வாயில் துருவைக் கடித்த மாதிரி இருக்கிறது.

இப்போது சொல்லிவிடலாம். இன்னும் பெயர் கூப்பிடவில்லை. எழுந்து போய், டேய், அது ஒட்டற வியாதி இல்ல, எப்பவுமே இல்ல, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டால் உள்ளே அவன் கேட்க மாட்டான், டாக்டரம்மா முன்னால் நான் நிற்க வேண்டியிருக்காது. பார்த்தியா, இப்போதுகூட எனக்காகத்தான் சொல்ல நினைக்கிறேன். அவனுக்காக இல்லை. அவன் உடைந்துபோனால்? மறுபடி தண்டவாளத்துக்குப் போனால்? அந்த ரெண்டு பேரோடு மூன்றாவதாக நானும் அவன் காதில் உட்கார்ந்துகொண்டு பேசினால்? உள்ளே டாக்டரம்மாவே சொல்லட்டும், படித்தவள், பக்குவமாகச் சொல்வாள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்பாளே. கண்டிப்பாகக் கேட்பாள். கோமளா எழுந்தாள். வராந்தாவில் நீட்டிக்கிடந்த கால்களைத் தாண்டித் தாண்டி ஜன்னலுக்குப் போனாள். தேசிங்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டது இவனுக்கு, எப்போது நரைத்தது? "இன்னாக்கா?" என்றான். அவள் வாயைத் திறந்தாள். "டீ குடிக்கிறியாடா?" என்றாள். "வேணாங்கா. கூப்பிட்டுருவாங்க" என்றான். அதற்குள் அவர்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறைக்குள் ஏசி சத்தம். டாக்டர் நஸ்ரீன் சிரித்த முகமாகவே நிமிர்ந்தாள். "வாங்க தேசிங்கு, நல்ல சேதி. கிருமி இல்ல. சுத்தமா போயிடுச்சு." கோமளாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதில் சந்தோஷம் எவ்வளவு என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள், ஈரலில் விழுந்த தழும்பு போகாது, முன்னாடியே ஆரம்பித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கணும், ஊசிப் பக்கம் திரும்பப் போனால் கிருமியும் திரும்ப வரும். முன்னாடியே வந்தோம் டாக்டர், மூணு கதவையும் தட்டினோம் என்று சொல்ல நினைத்தாள் கோமளா, அந்த மூன்று கதவுக்கு முன்னால் நான் சாத்தின கதவு ஒன்று இருக்கிறதே என்று பேசாமல் இருந்தாள். எழுந்திருக்கப் போகிறோம், கேட்காமலே போய்விடுவான் போல என்று அவள் பையை எடுத்த நேரத்தில் அவன் சொன்னான். "ஒண்ணு கேக்கணும் டாக்டர். இனிமே நான் கொயந்தைங்கள தூக்கலாமா?" டாக்டரின் பேனா நின்றது. "ஏன் தூக்கக்கூடாது? எப்பவுமே தூக்கலாமே. இது தொட்டா ஒட்டற வியாதியே இல்லையே" என்றாள். அப்புறம் அவன் கைகளை, அவை இருக்கிற இடத்தை, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துவிட்டு, மெதுவாக, "யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்றாள். கோமளா தரையைப் பார்த்தாள். மொசைக்கில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்கள். தேசிங்கு அவள் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல டாக்டர்" என்றான். "என் மண்டையில எவன் எவனோ பேசுவான்ல? அதுல ஒருத்தன் சொல்லியிருப்பான். நானும் நம்பிட்டேன்." டாக்டர் வருத்தமாகச் சிரித்தாள். இனிமே அவன் பேச்சக் கேக்காதீங்க என்றாள். சரி டாக்டர் என்றான்.

வெளியே வெயிலில் கண் கூசிற்று. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரரும் ஆட்டோக்காரர்களும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். கோமளா அவனைவிட ஒரு அடி பின்னால் நடந்தாள். நிழலில் போய் நின்றதும், இதற்கு மேல் தள்ளினால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "டேய், நான்தான்டா சொன்னேன்" என்றாள். "உனக்கு ஞாபகம் இருக்குதுல்ல? யாமினி கல்யாணத்தப்போ." "இருக்குதுக்கா" என்றான். "அது பொய்டா. மாத்திர ஆரம்பிச்ச அன்னிக்கே ஆல்பர்ட் எங்கிட்ட ஒட்டாதுன்னு சொன்னாரு. அப்பவும் உங்கிட்ட நான் சொல்லல." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டயும் சொன்னாரு" என்றான். அவளுக்கு முதலில் புரியவில்லை. "எப்போ?" "அதுக்கு அடுத்த வாரம். நீ மாத்திர வாங்க ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தே. அவரு டீ வாங்கிக் குடுத்து, என் கையப் புடிச்சிகினே சொன்னாரு." "அப்பறம் ஏன்டா கைய இப்படியே வெச்சிகினு இருந்தே, இன்னி வரைக்கும்?" "நீ பயந்துக்குவியேன்னுதான். டாக்டரே சொன்னா உன் பயம் பூடும்னுதான் உள்ள அப்படிக் கேட்டேன்." அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் எறும்பு வருகிறது, சர்க்கரை டப்பாவை மூடி வைத்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

ஒரு பஸ் வந்தது, அவர்களுடையது இல்லை. அதிலிருந்து இறங்கிய கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவளுக்கு யாமினியிடம் போன் பண்ண வேண்டும், சம்பந்தியம்மாளிடம் தாய்மாமன் வெளியூரில் இல்லை என்று சொல்ல வேண்டும், இப்படி ஏதேதோ மனசில் ஓடிற்று. "வர்ற ஞாயித்துக்கெழம அரக்கோணம் போலாம்டா. நான் இட்டுனு போறேன். கனிஷ்காவப் பாரு" என்றாள். "எத்தினாவது படிக்குது?" என்று கேட்டான். "ஒண்ணாவது." "அப்ப தூக்குற வயசு தாண்டிப் பூட்டுது. பரவால்ல, பாத்துட்டு வரலாம்" என்றான். அவள் கையைப் பற்றிக்கொள்ள நினைத்தாள், நடு ரோட்டில் எப்படி என்று இருந்தது, அதுவும் ஒரு சாக்கு என்று தெரிந்தும் பற்றவில்லை. அப்புறம்தான் அது அவளுக்கு உறைத்தது. "தெரிஞ்சிருந்தா பின்ன ஏன்டா அந்த மாத்திரய அப்படிக் கேட்டுக் கேட்டு முழுங்கினே? கொயந்தையத் தூக்கத்தான் முழுங்குறான்னு நான் நெனச்சிகினு இருந்தேனே. வாந்தி வருதுன்னு சொல்லிகினேகூட முழுங்குவியேடா."

"நீ மேல வருவேல்ல" என்றான் தேசிங்கு. "அதுக்கு முன்னாடி தட்டப் படியில வெச்சிட்டு, தட்டிட்டுப் பூடுவே. மாத்திரைன்னதும் தெனம் வந்து குந்துவே. எதுனா பேசுவே. மார்க்கெட்ல கத்தரிக்கா இன்னா வெலன்னு சொல்லுவே. நீ பேசறப்போ அவனுங்க அவ்ளோவா பேசமாட்டானுங்க." அவர்கள் பஸ் தூரத்தில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது, அதன் நம்பரைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான். "மாத்திர முடிஞ்சதும் நீ வர்றதில்ல."

மூன்று மாதம். கடைசி மாத்திரை தீர்ந்த மறுநாளிலிருந்து தட்டு மறுபடி படிக்குப் போனது. யாரும் முடிவு செய்து நடந்ததில்லை, கோபம் இல்லை, பயம்கூட இல்லை, வேலை முடிந்தது என்று அவள் கால் தானாகவே ஏறுவதை நிறுத்திவிட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, அவன் தினமும் காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருப்பான். முட்டி வலிடா, படி ஏற முடியல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அதையும் நம்பிவிடுவான், அல்லது நம்பின மாதிரி இருந்துவிடுவான், கூடவே முட்டிக்கு எண்ணெய் தேச்சிக்கக்கா என்பான். சிக்னல் விழுந்து பஸ் வந்துகொண்டிருந்தது. கோமளா அந்தச் சொல்லை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.